ஏழுக்குக் கை தட்டு

பதினான்காவதாக உட்கார்ந்திருந்த பெண் "முப்பத்தொன்பது" என்றாள். நடையே சிரித்தது. "அவுட்! அவுட்!" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை ஆட்டினான். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது படிக்கட்டில் யாரும் இல்லை.

2022-ல் ஆம்பூரில் ஒரு மாலை நேரம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகள் அப்போது தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தன. பள்ளி முடிந்தபின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். இந்தத் தெருவின் தன்னார்வலர் பி.காம். படித்தவர். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு அவர் 'அக்கா'.

வாய்ப்பாட்டை எடுத்தாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதனால் அக்கா விளையாட்டைக் கொண்டுவந்தார். வட்டமாக உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று ஆளுக்கு ஒரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஏழால் வகுபடும் எண் வந்தாலும், ஏழு என்ற இலக்கம் உள்ள எண் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கை தட்ட வேண்டும். 7-க்குத் தட்டு, 14-க்குத் தட்டு, 17-க்குத் தட்டு, 21-க்குத் தட்டு. மூன்று எண்ணுவதற்குள் சொல்லாவிட்டாலோ தப்பாகச் சொன்னாலோ அவுட்.

எங்கே வழுக்கும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். 27-ல் ஏழு இருக்கிறது, தட்டு. 28 ஏழால் வகுபடும், மறுபடியும் தட்டு. இரண்டு எண்கள் ஓசையில்லாமல் கடந்துபோன பிறகு 29-ஐச் சொல்ல வேண்டியவர் பாடு திண்டாட்டம்தான். அந்தப் பெண் விழுந்தது அங்கேதான். அதனால் அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தவள், இந்த முறை 19-க்கு "இருபத்தொன்பது" என்றாள். மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் படிக்கட்டு. ஐந்தாம் வகுப்பு வரை உருது வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குத் தமிழ் வழிக்கு வந்த பெண் அவள். பள்ளியிலும் கணக்கில் மக்கு என்று பேர் வாங்கியிருந்தாள் என்பது மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் முழுவதும் அவள் வரவே இல்லை.

அக்கா தேடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் இது சாதாரணக் காட்சி. கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள் ஒரு பக்கம் என்றால், போக முடியாதவர்கள் வீட்டு வாசலிலேயே ஊசி பிடிக்கிறார்கள். வெட்டிய தோலை ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார், தைத்ததை வந்து எடுத்துப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏற்றுமதி ஆகிற ஷூவின் விலைப் பட்டியை அந்தப் பெண்கள் பார்த்ததில்லை.

பெண் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த ஜோடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கும்போது வாய் எண்ணியது: "சத்தாயிஸ், அட்டாயிஸ், உன்தீஸ்..."

"இந்த மூணு நாள்ல எவ்ளோ ஆச்சு?" என்று அம்மா கேட்டார்.

"உன்தீஸ் ஜோடி. எரநூத்தி அறுபத்தொண்ணு ரூபா."

அப்போது ஜோடிக்குக் கூலி ஒன்பது ரூபாய். அக்கா தன் கைபேசியில் 29-ஐ ஒன்பதால் பெருக்கிப் பார்த்தார். 261.

"எப்படிப் போட்டே?"

"முப்பது ஜோடின்னா எரநூத்தி எழுபது. ஒண்ணு கம்மி. ஒன்பது ரூபா போச்சு." இதையெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள்.

"ஏஜெண்ட் நோட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே இவ சொல்லிடுவா" என்றார் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. உருதுவில் இருபது 'பீஸ்', முப்பது 'தீஸ்'. 19 என்பது 'உன்னீஸ்', அதாவது இருபதுக்கு ஒன்று குறைவு. 29 'உன்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு. தமிழ் பின்னால் இருக்கிற இருபதைச் சொல்லி ஒன்பதைச் சேர்க்கிறது. உருது முன்னால் இருக்கிற முப்பதைப் பார்த்து ஒன்றைக் குறைக்கிறது. அவள் மனசுக்குள் எண் சரியாகவே வந்திருக்கிறது. வாயில் தமிழாக மாறுவதற்குள் 'தீஸ்' முந்திக்கொண்டு முப்பதாகிவிட்டது. மூன்று எண்ணி முடிப்பதற்குள் இரண்டு மொழிகளைத் தாண்ட வேண்டியிருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றி 2025-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். சில்லறையும் எடையும் சேர்ந்த சிக்கலான கணக்கை மனசாலேயே போட்டுவிடும் அந்தப் பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆம்பூர் வாசலில் அக்கா பார்த்ததும் ஏறக்குறைய அதுதான்.

இந்த ஊருக்குக் கூட்டாக எண்ணுவது ஒன்றும் புதிதல்ல. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முன்மொழிய, மற்றவர்கள் கூடவே சொல்லி மனப்பாடம் செய்தார்கள். மாகாணி, வீசம், அரைக்கால் என்று பின்னங்கள்கூட நாக்கில் புரண்டன. ஆனால் கூட்டத்தோடு பாடும்போது தெரியாத பிள்ளை உதட்டை மட்டும் அசைத்துவிட்டுத் தப்பிக்கலாம். வட்ட விளையாட்டில் அந்த மறைவு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுந்து நிற்பது மாதிரிதான். அதனால்தான் கவனம் கூர்மையாகிறது. பயமும் அதனால்தான்.

'அவுட்' என்ற விதியை யார் கண்டுபிடித்தார்களோ! நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாறு முறை வாய்ப்பு. தடுமாறும் பிள்ளைக்கு ஒரே ஒரு முறை, பிறகு படிக்கட்டு. யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு அதற்குக் கணக்குப் பயிற்சி என்று பெயர்.

மறுநாள் அக்கா விதியை மாற்றினார். யாரும் அவுட் இல்லை. தப்பு நேர்ந்தால் தப்புச் செய்தவரே ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து மறுபடி ஏற வேண்டும். எவ்வளவு தூரம் போனோம் என்பது சுவரில் சாக்பீஸால் எழுதப்படும். எதிராளி பக்கத்துப் பிள்ளை இல்லை, சுவரில் இருக்கும் நேற்றைய எண். மூன்று எண்ணும் கெடுவும் போனது.

இன்னொன்றும் செய்தார். அவளைக் கூப்பிட்டுத் தரையில் 29 என்று எழுதச் சொன்னார். அதன் கீழே 30 − 1. "இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு? எல்லாருக்கும் சொல்லு." சிரித்த அதே கூட்டம் 'உன்தீஸ்' என்று சொல்லிப் பார்த்தது. ஒன்பதை முப்பதால் பெருக்கி ஒன்பதைக் கழிக்கும் வழியை அந்த ஏழாம் வகுப்புப் பையன் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்படி எழுதிக் காட்டுவது வீண் வேலை இல்லை. டெல்லியில் பிரதம் அமைப்பின் பாலர் வகுப்புகளில் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் குழுவாகக் கணித விளையாட்டுகள் ஆட வைத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கூட, குறைய என்று அளவை உணரும் திறன் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடியது, ஒரு வருடத்துக்கு மேலும் நிலைத்தது. முதல் வகுப்பில் எண்களை எழுதிப் போடும் கணக்கிலோ முன்னேற்றம் தெரியவில்லை. விளையாட்டு தானாக நோட்டுப் புத்தகத்துக்குள் போய்விடாது. யாராவது கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அக்கா அந்த ஆய்வையெல்லாம் படித்தவர் இல்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் 34 வரை போனார்கள். பிறகு 48. ஒரு வாரம் 69-ஐத் தாண்டவில்லை. தாண்டுவது சுலபமும் இல்லை. 70 முதல் 79 வரை எல்லாவற்றிலும் ஏழு உண்டே! பத்துப் பேர் வரிசையாகக் கை தட்டிக்கொண்டு போக, எண் மனசுக்குள் மட்டும் ஓட வேண்டும்.

அன்று பதினைந்து பேர் வட்டம். அவள் எப்படியோ மறுபடியும் பதினான்காவது. 14-க்குத் தட்டினாள். 29-ல் ஒரு நொடி நின்று "இருபத்தொன்பது" என்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. 44. அறுபதுக்கு ஒன்று குறைவான 'உன்சட்'டையும் தமிழில் சரியாகவே இறக்கி "ஐம்பத்தொன்பது" என்றாள். 69-க்குப் பிறகு பத்துக் கைதட்டல்கள் மழை மாதிரி வட்டத்தைச் சுற்றின. முடிந்த இடத்தில் இருந்தது, அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வரும் மூன்றாம் வகுப்புப் பொடியன். முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவன் "எண்பது!" என்று கத்தினான். நடையே அதிர்ந்தது.

84-க்குத் தட்டு. 87-க்குத் தட்டு. 89 அவளிடம் வந்தது. அதற்கு உருதுவில் 'நவாஸி'. அங்கே உருதும் தமிழைப் போலவே எண்பதோடு ஒன்பதைச் சேர்க்கிறது. "எண்பத்தொன்பது" என்று டக்கென்று சொல்லிவிட்டாள். அடுத்தது அந்த ஏழாம் வகுப்புப் பையன்.

"நூறு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. தொண்ணூறு என்ற பெயருக்குள்ளேயே நூறு உட்கார்ந்திருக்கிறது. தமிழும் அந்த இடத்தில் முன்னால் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. அக்காவிடமிருந்து சாக்பீஸை வாங்கிச் சுவரில் 69-ஐ அழித்துவிட்டு 89 என்று எழுதினாள். மக்ரிப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. கிளம்ப வேண்டிய நேரம். யாரும் எழவில்லை.

"நீதானே ஆரம்பிக்கணும்? சொல்லு" என்றாள் அவனிடம்.

"ஒண்ணு" என்றான்.