சோளகமும் சூடேறிய கணினியும்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் செல்வோர்க்குப் பூநகரி வழியாகச் செல்லும் பாதையே இனிமையானது. 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கடல்நீரேரியைக் கடந்து, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு முதலிய ஊர்களைக் கண்டு களித்தவாறே செல்லலாம். இடையிடையே பனங்கூடல், அப்பால் வெயிலில் வெள்ளித் தகடாய் மின்னும் கடல். இப்பாதையில் விடத்தல்தீவைத் தாண்டித் திருக்கேதீச்சரத்தை அணுகுமுன் வருவது பாப்பாமோட்டை என்னும் சிற்றூர்.

சென்ற ஆவணி விடுமுறையில் திருக்கேதீச்சரத்து இறைவனை வழிபட்டு, பாலாவிக் கரையிற் சிறிது நேரம் இருந்து மீளுங்கால், பாப்பாமோட்டையில் வாழும் மாணவன் ஒருவனின் இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தது. எம்மிடம் பௌதிகவியல் கற்று உயர்தரப் பரீட்சையில் தேறியவன். திருமண வீட்டு வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தான். தந்தையார் கடற்றொழிலாளி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தகரக் கூரையிட்டு மீண்டும் எழுப்பிய வீடு. சுவரில் மடு மாதாவின் படம்; அதன் கீழே மகனின் மேசைக் கணினி.

தேநீர் அருந்தி முடியுமுன்னரே மகன் தன் குறையைச் சொல்லிவிட்டான். "காலமையிலை நல்லாய் வேலை செய்யுது சேர். மத்தியானம் வீடியோ ஓடவிட்டால் அரை மணித்தியாலத்திலை தானாய் நிண்டு போகுது. இந்த மாதம் ரெண்டு கலியாண வீட்டு வேலை பிந்திப் போச்சுது."

தந்தையார் தொடர்ந்தார்: "ரவுணிலை ஒரு கடையிலை காட்டினனாங்கள் ஐயா. தண்ணியாலை குளிர்ப்பாட்டுற சாமான் ஒண்டு பூட்டாட்டிச் சரிவராதாம். மனுசியின்ரை காப்பை அடைவு வைக்கலாமெண்டு யோசிக்கிறன்."

அம்மையார் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த காப்பை ஒருமுறை திருப்பிவிட்டுக்கொண்டார். இந்தக் காப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எமக்கு அப்பொழுதுதான் எழுந்தது.

கணினியின் மூளை போன்றது முறைவழியாக்கி, அதாவது புரொசெசர். அது உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. இவ்வீட்டுக் கணினியில் இருந்தது 65 வாற்று வகை. பழைய 60 வாற்று மின்குமிழொன்றைக் கையாற் தொட்டவர்கள் அச்சூட்டை அறிவர். ஏறத்தாழ அத்துணை வெப்பம் விரல் நகம் அளவேயான சில்லிலிருந்து வெளியேறவேண்டும். வெளியேறாவிடின், இக்காலத்து முறைவழியாக்கிகளிற் பல 95 அல்லது 100 பாகை செல்சியஸை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்பாலும் சூடேறினால் உயிர் தப்புவதற்காக நின்றுவிடும். ஆகவே மகனின் கணினி நின்றது பழுதினால் அன்று. அது தன்னைத்தானே காத்துக்கொண்டது.

வெப்பத்தை அளந்து காட்டும் நிரலொன்றை ஓடவிட்டுப் பார்த்தோம். அறையின் வெப்பம் 36 பாகை; முறைவழியாக்கியோ 100.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியபொழுது காரணம் பாதி விளங்கிற்று. முறைவழியாக்கியின் மேல் அலுமினியச் செதிள்கள் கொண்ட கட்டையும், அதன்மேற் சிறு விசிறியும் இருந்தன. செதிள்களுக்கிடையே உப்புக் காற்றின் ஈரத்தோடு படிந்த தூசி, கம்பளிபோல் அடைந்து கிடந்தது. மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் அதனை நீக்கினோம். கட்டையைக் கழற்றினால், கீழே பூசியிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது.

இப்பசையின் வேலையை மாணவர்கள் அறிதல் நன்று. இரு உலோகப் பரப்புகளை எவ்வளவு அழுத்தினாலும் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். அவற்றிற் காற்று நிறைந்திருக்கும். செம்பு, காற்றைவிடப் 10,000 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. எனவே அவ்விடைவெளிக் காற்று மெல்லிய சுவர்போல வெப்பத்தை மறிக்கும். பசை அக்காற்றை அகற்றி அவ்விடத்தை நிரப்புகின்றது. பயறளவு போதும், அள்ளிப் பூசினால் பசையே தடையாகும். மன்னாரிலிருந்து மகன் வாங்கிவந்த சிறு குழாய்ப் பசையைப் பூசிப் பொருத்தியபின், அதே அறையில், அதே வேலையில் 86 பாகைக்கு மேல் ஏறவில்லை.

இனி அடுத்த பாடம். பொருளொன்று குளிரும் வேகம், அதற்கும் சுற்றாடலுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1701ஆம் ஆண்டிலேயே நியூற்றன் எடுத்துக்காட்டினார். விசிறியாயினும் நீராயினும் கணினிக் குளிர்த்தி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் தொழில். அறைக் காற்றைவிட 50 பாகை கூடியிருக்கும் முறைவழியாக்கி, 25 பாகை அறையில் 75 ஆக இருக்கும். 36 பாகை அறையில் 86 ஆகிவிடும். நீர்க்குளிர்த்தியும் இவ்விதிக்கு விலக்கன்று. நீர் குழாய்களினூடே ஓடி, வெப்பத்தை மற்றொரு செதிள் கட்டைக்குக் கொண்டுசெல்ல, அங்கும் விசிறிதான் அதனை அதே அறைக் காற்றிற் கலக்கின்றது. 200 வாற்றுக்கு மேல் உண்ணும் பெரிய முறைவழியாக்கிக்கு அது தகும். 65 வாற்றுக்கு அது மிகை. அதன் பம்பி பழுதானால் சிற்றூரில் மாற்றுறுப்புத் தேடுவதும் எளிதன்று.

ஆகையால் அறையையே குளிர்விக்கவேண்டும் என்று முடிவுசெய்து, "தம்பி, கணினியை அந்த மேற்கு யன்னலோரம் வை, சோளகம் நன்றாக வீசும்" என்றோம்.

தந்தையார் சிரித்தார். "வேண்டாம் ஐயா. சோளகம் சும்மா வாறதில்லை. உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். எங்கடை வள்ளத்து எஞ்சினையே அரிச்சுப் போடும். இந்தப் பெட்டி எம்மட்டு?"

நாம் வாயடைத்துப் போனோம். இவ்வூர்க் காற்றின் இயல்பு அவருக்கன்றோ தெரியும்! மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு முதல் 30 பெருங்காற்றாடிகள் நின்று மின்சாரம் ஆக்குவதும் இக்காற்றின் வலிமையாலேயே. மின்சாரத்தையும் அது தரும். மின்கருவியையும் அது அரிக்கும்.

அவரே வழியும் சொன்னார். மாலை வெயில் படாத கிழக்கறைக்கு மேசையை மாற்றி, தகரத்தின்மேற் கிடுகு பரப்பினால் போதும் என்றார். மறுநாள் நண்பகலில் அவ்வறை 32 பாகைதான் காட்டிற்று. பெட்டியின் பின்புறம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுவைத்தோம். முன்னால் நுழையும் காற்றுப் பின்னால் வெளியேற இடம் வேண்டுமல்லவா? முறைவழியாக்கி 82 பாகைக்கு இறங்கிற்று. அன்று முழுவதும் கணினி நிற்கவில்லை.

ஆயினும் நாளெல்லாம் ஓடும் தொழிலுக்கு இன்னும் சற்றுத் தணிவு நல்லது. ஆகவே, கோபுர வடிவான காற்றுக் குளிர்த்தியொன்றைப் பரிந்துரைத்தோம். அதன் செப்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் இருக்கும். அது சூட்டில் ஆவியாகி மேலேறி, செதிள்களிற் குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்பும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பார் உருவாக்கிய வெப்பக் குழாயின் தத்துவமே இது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை மூன்று என்று மகனுக்கு எழுதிக் கொடுத்தோம். அது தாங்கும் வாற்று, முறைவழியாக்கியின் வாற்றைவிடக் கூடியதாய் இருத்தல் வேண்டும். தாய்ப்பலகையில் முறைவழியாக்கி அமரும் குதையின் வகைக்கு அதன் பொருத்திகள் இசைய வேண்டும். அதன் உயரம் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இவற்றிற் பல 15 சதமமீற்றருக்கு மேல் உயர்ந்தவை. அளக்காது வாங்கினால் பக்கத் தகடு மூடாது.

ஒரு மாதம் கழித்து மகனிடமிருந்து செய்தி வந்தது. பிந்திப்போன வேலைகளிரண்டையும் முடித்து, அக்கூலியிலேயே கோபுரக் குளிர்த்தி வாங்கிவிட்டான். கடைக்காரர் முன்னர் சொன்ன தொகையிற் கால்பங்குதானாம். நண்பகலிலும் 68 பாகைக்கு மேல் ஏறவில்லையாம். கடைசி வரியில், "அம்மாவின் காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கிறது" என்று எழுதியிருந்தான்.

வெப்பத்தின் விதியை நாம் நூலிற் கற்றோம். காற்றின் குணத்தை அப்பெரியவர் கடலிற் கற்றார். இரண்டும் ஒரு மேசையிற் கூடிய பின்னரே கணினி குளிர்ந்தது. கருவி சூடேறும்பொழுது பணப்பையைத் திறக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பின்னர் வீட்டிலுள்ள முதியோரிடம் காற்று எந்தப் பக்கமென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.