எட்டு மூட்டுகள்

கதையில் வருகிறவர்களை எல்லாம் சத்தியசந்தர்களாக நடத்தி வைப்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் "அனுசரித்துப் போ" என்றுதான் சொல்ல வரும். போன பொங்கலுக்கு அப்படி ஒரு யோசனை சொல்லிவிட்டு நான் தலை குனிய நேர்ந்தது.

என் தமக்கை மகன் குஜராத்தில், கட்ச் பகுதியில், உருக்குக் கட்டடம் ஒன்றில் வெல்டிங் வேலையைச் சோதித்துக் கையெழுத்திடும் உத்தியோகத்தில் இருக்கிறான். 2001-இல் பூகம்பம் பல்லாயிரம் பேரைப் பலி கொண்ட பூமி அது. விடுமுறைக்கு வந்தவனுடைய முகம் சரியாக இல்லை. விசாரித்தேன்.

உத்தரமும் தூணும் சேரும் எட்டு மூட்டுகளில், அடிப்பக்கப் பற்றின் கீழே வைத்த இரும்புப் பட்டையை எடுக்காமலே விட்டுவிட்டார்களாம். உருகிய உலோகம் ஒழுகாமல் ஏந்திக்கொள்வதற்காக வைக்கும் பட்டை அது. வரைபடம் அதை எடுக்கச் சொல்கிறது. காண்ட்ராக்டரோ, "இரண்டு நாள் வீண், மேல்தட்டி அடித்தால் மறைந்துவிடும், கையெழுத்தைப் போடு" என்கிறார்.

"பட்டை கூட இருந்தால் பலம்தானே? போட்டுக் கொடுத்துவிடேன்" என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. "மாமா, ஜவுளிக் கடையில் துணி கிழிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

பார்க்காமல் என்ன? ஓரத்தில் கத்திரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரு கையாலும் ஓர் இழுப்பு. டர்ரென்று கடைசிவரை போய்விடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் பீமசேனனுக்கும் சிரமந்தான்.

"பட்டைக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற இடுக்குதான் அந்த வெட்டு" என்றான்.

1994 ஜனவரி 17 விடியற்காலை, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸை அடுத்த நார்த்ரிட்ஜில் பூமி குலுங்கியது. பற்றவைத்த உருக்குச் சட்டகக் கட்டடங்கள் விழாமல் நின்றன. ஆனால் மேல்பூச்சைப் பெயர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் மூட்டுகள் விரிந்திருந்தன. பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான்! வெல்டர் மேலிருந்து குனிந்து செய்யும் இடம் அது. நடுவே உத்தரத்தின் செங்குத்துத் தகடு குறுக்கிடும். பாதியில் நிறுத்தி, மறுபக்கம் போய்த் தொடர வேண்டும். அந்தப் பாதியில்தான் குறை தங்கும். பட்டை அதை மறைத்தும் வைக்கும். போதாக்குறைக்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எடுத்தாண்ட பற்றுலோகத்தில் உரம் குறைவு. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானில் கோபே நகரத்திலும் உருக்கு மூட்டுகள் முறிந்தன.

"உருக்குக்குப் பெருமை வளைஞ்சு கொடுக்கிறதுதான் மாமா. பற்று முதலில் உடைஞ்சால் அது வளைய எங்கே நேரம்?" என்றான்.

அதனால் இப்போது மூட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி உத்தரத்தின் ஓரங்களை வேண்டுமென்றே குறுக்கி, வளைவதானால் அங்கே வளையட்டும் என்று விடுவதும் உண்டாம். அடிப்பட்டையை எடுத்து, வேரைச் சுரண்டிப் பார்த்து, மறுபடி பற்றவைக்கிறார்கள். ராடைச் சூட்டுப் பெட்டியில் வைத்துத்தான் எடுப்பார்கள். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, நன்றாக ஆறிய பற்று மறுநாள்கூட விரியுமாம்.

நான் பேசாமல் இருந்தேன். அவனும் என்னிடம் வேறு யோசனை கேட்கவில்லை.

ஊருக்குப் போய்ப் பத்து நாளில் செய்தி அனுப்பினான். கையெழுத்துப் போடவில்லை. எட்டு மூட்டுகளையும் சுரண்டிப் பார்த்தார்கள். ஏழில் குறையே இல்லை. எட்டாவதில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. ஏழுக்காக அவனுக்கு வசவு கிடைத்தது. எட்டாவதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் நாளை வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இவன் பெயர் தெரியாது. இவனுடைய மாமன் சொன்ன யோசனையும் தெரியாது. இரண்டாவது தெரியாமல் போவதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.