அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது

2021 நவம்பரில் ஒரு நல்ல இன்ஜினைப் பிரித்தேன். பிரித்திருக்கவே வேண்டாம் என்பது பாதி வேலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முழு பில் தொகையையும் வாங்கிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளியே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி ஷெட் வைத்திருக்கிறேன். துறைமுகத்திலிருந்து ஸ்க்ராப் ஏற்றி வரும் வண்டிகளும், இங்குள்ள ரோலிங் மில்களிலிருந்து கம்பி ஏற்றி ஆந்திரா பக்கம் போகும் வண்டிகளும்தான் என் பிழைப்பு. அந்த வாரம் சென்னையை ஒட்டித் தாழ்வு மண்டலம் கரை கடந்திருந்தது. விடாத மழை. வண்டியைக் கொண்டுவந்தவர் சொந்த லாரியைத் தானே ஓட்டுபவர். ஆறு சிலிண்டர், டர்போ இன்டர்கூலர் வண்டி, பாதி டியூ பாக்கி.

"மழையில ஒரே வேகத்துல லோடோட போறேன்ணா, ஒண்ணும் இல்ல. டோல்ல நின்னுட்டு மறுபடி மிதிச்சா மிஸ்ஸிங் ஆவுது, குபுகுபுன்னு வெள்ளைப் புகை. கொஞ்ச தூரம் போனா தானா சரியாயிடுது."

நோயை அவரே முழுக்கச் சொல்லிவிட்டார். நான் கேட்டது வெள்ளைப் புகை என்ற இரண்டு வார்த்தையை மட்டும். இன்டர்கூலரின் கீழ் ஓஸைக் கழற்றினேன். தண்ணீர் கொட்டியது, மேலே மோர் மாதிரி ஒரு படலம். "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு" என்றேன். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி, அங்கிருந்து காற்றுப் பாதைக்குத் திரும்பி வருகிறது என்று விளக்கம் வேறு.

"ரேடியேட்டர்ல ஒரு சொட்டுகூட ஊத்தலையேணா" என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஹெல்பர் பையன், தடாவிலிருந்து தினம் ரயிலில் வருகிறவன், விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கூலன்ட் பச்சையா இருக்கணுமில்லணா? இதுல கலரே இல்லியே." ஸ்பேனரை எடு, பேசாதே என்று அதட்டினேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒரே பார்வையில் பிடித்ததை, இருபது வருஷ அனுபவத்தை வைத்து அடக்கினேன்.

அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது. மழை நாளில், 26 டிகிரியில், இந்தக் கடலோரக் காற்று ஒவ்வொரு கிலோவிலும் ஏறக்குறைய 20 கிராம் தண்ணீரை ஆவியாகச் சுமக்கிறது. டர்போ அதை உறிஞ்சி இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு இறுக்கும்போது காற்று 150 டிகிரியை ஒட்டிச் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகவே இருக்கும். பிறகு அது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்குள் நுழைகிறது. சாதாரணக் காற்றில் 25 டிகிரிக்கு இறங்கினால்தான் பனி பிடிக்கும் ஈரம், இறுக்கிய காற்றில் 41 டிகிரியிலேயே நீராகத் தொடங்கிவிடும். மழை வெளிப்புறத்தை நனைத்து நனைத்துக் குளிர வைத்ததில் உள்ளே காற்று 35 டிகிரிக்கு இறங்கினால், கிலோவுக்கு ஆறு கிராம் தண்ணீர் பிரிந்துவிடுகிறது. ஆறு லிட்டர் இன்ஜின் முழு இழுப்பில் மணிக்கு 900 கிலோ அளவுக்குக் காற்றைக் குடிக்கும். கணக்குப் போட்டால் மணிக்கு ஐந்து லிட்டரைத் தாண்டுகிறது. இதில் பெரும்பகுதி துளித்துளியாகக் காற்றோடு போய் சிலிண்டர் சூட்டில் ஆவியாகிவிடும், கெடுதல் இல்லை. மிச்சம் இன்டர்கூலரின் அடியில் தேங்கும். டர்போ வழியாகக் கசிந்து வரும் ஆயிலோடு கலந்து வெளுக்கும். வண்டி நின்று கிளம்பி ஒரே மிதியில் காற்று வேகமெடுத்தால், தேங்கியது மொத்தமாக உள்ளே பாயும். மிஸ்ஸிங்கும் வெள்ளைப் புகையும் அதனால்தான். அளவு மீறிப் பாய்ந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இது எனக்குத் தெரியாது என்றால் பொய். ஷெட் போடுவதற்கு முன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தேன். அது இரண்டு கட்டமாகக் காற்றை இறுக்கும் கம்ப்ரசர். நடுவில் இருக்கும் கூலருக்கும் இன்டர்கூலர் என்றுதான் பெயர். அதன் அடியில் இருக்கும் ட்ரெயின் வால்வை ஷிஃப்டுக்கு இரண்டு முறை திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நான்கு முறை. வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்த கை இது. அதை விடுங்கள், பிரேக் ஏர் டேங்கின் அடியில் இருக்கும் வளையத்தை இழுத்துத் தண்ணீர் வடிப்பது ஒவ்வொரு லாரி டிரைவரும் செய்யும் வேலை. காற்றை இறுக்கிக் குளிர வைத்தால் தண்ணீர் பிரியும் என்று இந்த நெடுஞ்சாலையில் தெரியாதவர் இல்லை. அதே தண்ணீர் டர்போ வண்டியின் இன்டர்கூலரில் வந்தபோது எனக்குப் புரியாமல் போனதற்கு ஒரே காரணம், கேஸ்கட் என்ற பதிலில் பணம் இருந்தது.

அன்று மாலை ஹெட்டை இறக்கினேன். கேஸ்கட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவில் எரிந்த தடம் இருக்க வேண்டும். இல்லை. வளையங்கள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. வண்டிக்காரர் எதிரே டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "லேசா ஊதியிருக்கு, பாரு" என்று தள்ளி நின்றே காட்டிவிட்டு, அதை மூலையில் ஒதுக்கினேன். அவர் பார்த்தார், அவருக்கு என்ன தெரியும்? மறுநாள் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்தேன். ஐந்து நாள் வண்டி நின்றது. 41,000 ரூபாய். ஓட்டிப் பார்த்தோம், மிஸ்ஸிங் இல்லை. மழை விட்டு வெயில் அடித்திருந்தது.

அடுத்த நவம்பரில் அதே வண்டி அதே புகையோடு வந்தது. இந்த முறை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை பச்சை. ஓஸைக் கழற்றி வடித்துவிட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை இப்படி வடித்துக்கொள் என்றேன். பணம் வேண்டாம் என்றேன். போன வருஷத்து வேலை வீண் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அதற்கப்புறம் நாலு பேரிடம் என்னைப் பற்றி, காசு பார்க்காத ஆள் என்று சொன்னார். அவர் சொல்லி வந்த வண்டிகள் இன்றும் என் ஷெட்டில் நிற்கின்றன. பழைய கேஸ்கட்டை நான் எடைக்குப் போடவில்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதை ஞாபகத்துக்கு வைத்திருப்பதாக நினைக்கிறார்கள்.

ஹெல்பர் பையன் அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவனிடம் நான் இன்னும் பேசவில்லை.

வண்டிக்காரர் டியூ கட்ட முடியாமல் வண்டியை விற்றுவிட்டார் என்று இந்த ஆண்டுதான் கேள்விப்பட்டேன். இப்போது சம்பளத்துக்கு ஓட்டுகிறார். போன மாதம் கவரைப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். கேஸ்கட்டை எடுத்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். 41,000 ரூபாயைத் திண்ணையில் வைத்தேன். அவர் கேஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. பணத்தை எண்ணி மடித்தார். பிறகு கேட்டார்:

"அந்த அஞ்சு நாள் லோடுணா? அந்த மாசத்துலதான் மொத டியூ தவறினேன்."