நாள் தவறிய ஒரு கடதாசி

என்னிடம் ஒரு தடித்த பொலித்தீன் பை இருக்கிறது. 2008இல் அடம்பன் பக்கமிருந்து இடம்பெயர்ந்தபோது காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக் கட்டினேன். 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என் மடியில் மிஞ்சியிருந்தது அந்தப் பைதான். அவர் வரவில்லை. பிறகு அவரைத் தேடி நான் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகளும் அந்தப் பைக்குள்ளேயே போயின.

சில வருடங்களுக்குப் பிறகு மன்னார் தீவில் அக்கா வீட்டோடு குடியிருந்தேன். லீசிங்கில் ஒரு பழைய ஓட்டோ எடுத்தேன். அக்காவின் மகன் ஓட்டினான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதன் பின் பேசாலை, தலைமன்னார் என்று ஹயர். பின்னேரம் என் பங்கைக் கொண்டுவந்து தருவான். மாதக் கட்டுக்காசும் பிள்ளைகளின் படிப்பும் அதிலேதான் நடந்தன.

ஓட்டோவின் கடதாசிகளையும் அந்தப் பைக்குள்தான் வைத்தேன். பத்திரமாய் வைக்க வேறு இடம் எனக்குத் தெரியாது.

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டிட வளவில் மனித எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் பையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்தால் முதலில் கையில் படுவது அவருடைய படம். இன்றைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் வரி அனுமதிப்பத்திரமும் நாள் தவறிப் போனது அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் அக்காவின் மகன் போன் எடுத்தான். "சின்னம்மா, பாலத்தடியில மறிச்சுப் போட்டாங்கள். வரிப்பத்திரம் முடிஞ்சு ஆறு கிழமையாம். நான் கண்ணாடியில ஒட்டியிருந்ததை வடிவாய்ப் பார்க்கேல்லை" என்றான். அவனிலும் பிழையில்லை. வாகனம் என்னுடையது.

வழக்கு எழுதினார்கள். நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டப்பணம் கட்டினோம். வரி புதுப்பிக்கப் போனால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். பரிசோதனைக்குப் போனால் ஓட்டோ தேறவில்லை. பெற்றோல் முழுதாய் எரியாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நச்சுப்புகை கூடுமாம். "இந்த உப்புக்காத்தும் மணலும் எயார் பில்டரை அடைச்சுப் போடும், தங்கச்சி" என்றார் கராஜ்காரர். அதை மாற்றி, காபரேட்டரைக் கழுவி, மறுபடியும் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் முடியப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் உழைப்பில்லை. கட்டுக்காசு பிந்தியது, அதற்கும் மேலதிகக் காசு. பிள்ளைகளை ஏற்றிய இரண்டு வீட்டார் வேறு ஓட்டோ பிடித்துவிட்டார்கள். தோடு அடகுக்குப் போனது.

ஆனால் சகோதரிகளே, என்னை நடுங்க வைத்தது காசு அல்ல. கராஜ்காரர் பின்சில்லைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் சூ தேய்ந்து இரும்பு தெரிந்தது. நம் மன்னார் வீதிகளில் கழுதைகள் எப்போது குறுக்கே வருமென்று சொல்லமுடியாது. அந்த வண்டியில்தான் காலையில் ஆறு பிள்ளைகள் போனார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. புகைப் பரிசோதனை பிரேக்கைப் பார்ப்பதில்லை. அது நாம் பார்க்கவேண்டியது. பரிசோதனைக்கு நாள் வந்தால் கராஜுக்குப் போகிறோம், அப்போது மற்றதும் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான்.

2008இல் மேல்மாகாணத்தில் இந்தப் பரிசோதனை தொடங்கியது. பிறகு எங்கள் பக்கத்துக்கும் வந்தது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் வரி அனுமதிப்பத்திரம் கிடையாது. லொறி, தனியார் பஸ்களுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். இப்போது இணையத்திலும் வரியைப் புதுப்பிக்கலாம், ஆனால் அங்கேயும் இந்த இரண்டும் இருக்கவேண்டும். விபத்து நடந்து நட்டஈடு கேட்டுப் போனாலும் முதலில் பார்ப்பது கடதாசிகளைத்தான். ஓட்டோவை வேறொருவர் ஓட்டினாலும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நாளைப் பார்க்கவேண்டும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கராஜுக்குக் கொண்டுபோனால், தேறாவிட்டாலும் திருத்த அவகாசம் இருக்கும்.

வழக்கு முடிந்த அன்றிரவு பையைத் திறந்தேன். அழுதேன்தான். பிறகு ஓட்டோவின் கடதாசிகளை மட்டும் பிரித்து ஒரு பைலில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டேன். அதில் எல்லாவற்றுக்கும் முடிவுத் திகதி இருக்கிறது. அவருடைய துண்டுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவை பைக்குள்ளேயே இருக்கின்றன.

புது வருடக் கலண்டர் வந்தால் முதல் வேலையாக மகள் அந்தத் திகதிகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுகிறாள். உங்கள் வீட்டிலும் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.