கூடுதலாக ஒரு பலகை

ராணுவப் பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில், பயிற்சி தரும் உஸ்தாத் எங்களுக்கு மூன்று சொற்களைக் கற்றுத் தந்தார். நாம், நமக், நிஷான். பெயர், உப்பு, கொடி. இந்த மூன்றுக்காகவும் சிப்பாய் உயிரைக் கொடுப்பான் என்று இந்திய ராணுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நம் பக்கத்தில் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்வது இதைத்தான். 1988-ல் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் போய் நின்ற எனக்கு அந்த நடுச்சொல் மட்டும் உடனே மனதில் ஒட்டிக்கொண்டது. நான் மரக்காணத்துக்காரன். அம்மா நாற்பது வருஷம் உப்பளத்துப் பாத்தியில் நின்று உப்பு வாரியவள்.

உப்பு வாருகிறவர்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சத்தில் கண் கூசிப் போகும். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் உப்புநீர் அதை ஆறவிடாது. அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். இரண்டு நாள் வராத ஆள் மூன்றாம் நாள் வந்தால், வரப்பில் நின்றுகொண்டு ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார். எப்போதும் கூடுதலாக ஒரு பலகை வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு அந்த ஆளுக்குப் பக்கத்தில் இறங்கி, தானும் உப்பை இழுக்க ஆரம்பிப்பார். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து வேலை செய்வார்கள். கால்மணி நேரத்தில் பேச்சு தானாக வந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல், கந்துக்காரன் வாசலில் நிற்கிறான், வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்துவிட்டார் என்று ஒவ்வொன்றாக வரும். "மூஞ்சியப் பாத்துக் கேட்டா வாய் மூடிக்கும்டா" என்று அம்மா சொல்வாள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷ ராணுவ வாழ்க்கை தேவைப்பட்டது.

சிப்பாய் தன் குறையைச் சொல்ல ராணுவத்தில் வழிகள் உண்டு. மாதா மாதம் சைனிக் சம்மேளன் நடக்கும். கமாண்டிங் ஆபீசர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார், கேட்பார். தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் அர்ஜி கொடுத்து அதிகாரி முன்னால் போய் நிற்கலாம். தினமும் சாயங்காலம் ரோல் கால் உண்டு. "கோயி தக்லீஃப்?" என்று கேட்பார்கள். ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று அர்த்தம். "நஹி சாப்!" என்று முப்பது தொண்டைகளும் ஒன்றாகச் சொல்லும். நானும் அப்படிச் சொன்னவன்தான். பிறகு நானே கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்து, அதே பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து எல்லையில் படைகளை நிறுத்தினார்கள். ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். அடுத்த வருஷம் அக்டோபர் வரை நீண்டது. நான் அப்போதுதான் ஹவில்தார் ஆகியிருந்தேன். என் செக்‌ஷனில் பத்துப் பேர். லீவு கிடைப்பது அபூர்வமாக இருந்த நேரம். அதில் ஒரு பையன் லீவு வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை நான் துப்பாக்கி எண்ணிக்கை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கு மட்டும்தான் வீடு இருக்கா? எல்லாருக்கும் இருக்கு" என்றேன். "சரி சாப்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லீவு கொடுக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆனால், எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவன் என்னோடு இருந்தான். சொன்ன வேலையை ஒரு குறை இல்லாமல் செய்தான். ஆனால், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. கீழ்ப்படிகிறவன் எல்லாம் நம்மை நம்புகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. எத்தனையோ மேலதிகாரிகள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வடக்கே மலையில் இருந்தோம். டி.வி.யில் கடல் ஊருக்குள் வருவதைக் காட்டினார்கள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. இடையில் இருக்கும் என் ஊரின் பெயரை யாரும் சொல்லவில்லை. எந்த லைனும் கிடைக்கவில்லை. நான் போய் ஆயுதக் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த துப்பாக்கியைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். சுபேதார் என்ற பதவி கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து வருவது. அதிகாரியின் பாஷைக்கும் சிப்பாயின் பாஷைக்கும் நடுவே ஒரு மனிதர் வேண்டும் என்று ஏற்பட்ட பதவி. இன்று அதிகாரியும் இந்த நாட்டுக்காரர்தான். இருந்தும் அந்த நடு மனிதரின் தேவை குறையவில்லை. அவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். என் எதிரே உட்காராமல் பக்கத்தில், நான் பார்த்த திசையிலேயே உட்கார்ந்தார். ஒரு துணியை எடுத்து, இன்னொரு துப்பாக்கியின் பாகங்களைத் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல யார் யார் இருக்காங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களை ராணுவம் முழுக்க தம்பி என்றுதான் பிரியமாகக் கூப்பிடுவார்கள். அது ஒரு பட்டப்பெயர். அன்று அவர் சொன்ன தம்பி, கூடப் பிறந்தவனைக் கூப்பிடும் தம்பி.

நான் சொன்னேன். அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, ஆறு மாதக் குழந்தை. வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம், இந்த மாதம் மழைக்காலம் என்பதால் அளத்தில் வேலை இருக்காது, அம்மா ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் குப்பத்துக்குப் போயிருப்பாளோ என்ற பயம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தைரியமாக இரு என்று சொல்லவில்லை. எதுவும் ஆகியிருக்காது என்றும் சொல்லவில்லை. "அம்மா மீன் வாங்கப் போயிருப்பாங்களோன்னு பயப்படற" என்று நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பிறகு, "எக்ஸ்சேஞ்சில சொல்லி வைக்கிறேன். ரெண்டு மணிக்கு வந்து சொல்றேன்" என்று எழுந்து போனார்.

சரியாக இரண்டு மணிக்கு வந்தார். "இன்னும் லைன் கிடைக்கல தம்பி. நாலு மணிக்கு வர்றேன்." நாலு மணிக்கும் வந்தார். ஆறு மணிக்கும் வந்தார். கையில் சேதி எதுவும் இல்லாமல்தான் ஒவ்வொரு தடவையும் வந்தார். சேதி கிடைத்தால் சொல்வோம் என்று இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சேதி இல்லை என்பதைச் சொல்வதற்காக, குளிரில் மேடேறி மூன்று தடவை வந்த மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ராத்திரி பத்தரை மணிக்கு, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்ற சேதியோடு வந்தார். குப்பங்களில் நடந்தது வேறு. அதை ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்கத் தரைப்படையில் இப்படி உட்கார்ந்து கேட்பதற்கென்று எண் போட்ட படிவமே உண்டு. 4856 என்று எண். மேலதிகாரி தன் கீழே இருப்பவனோடு உட்கார்ந்து பேசி, என்ன பேசினோம், இனி யார் என்ன செய்வது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஒரு நாளில், சொன்னபடி நடந்ததா என்றும் பார்க்க வேண்டும். 2014-ல் இதற்குத் தனிக் கையேடும் போட்டார்கள். சொன்னபடி நடந்ததா என்று திரும்பப் பார்க்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் சுபேதார் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் வந்தது அதுதான். ஆனால், மேஜைக்கு அந்தப் பக்கம் படிவத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது உப்பளத்துக்காரன் பிள்ளை வாய் திறப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான். முதலில் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். எழுதுவது அப்புறம்.

கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதும் முக்கியம். ஒருவன் ராத்திரி சொன்னது காலையில் லங்கரில், அதாவது சமையற்கூடத்தில், டீ வரிசைக்கு வந்துவிட்டால், அந்தப் பிளட்டூனில் அப்புறம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு தடவை ஒரு பையன், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது சாப்" என்றான். அப்போது நான் சுபேதார். சாகணும்னு நினைக்கிறியா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். அழுதான். இதை ரகசியமாக வைக்க மாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டு, அன்றைக்கே சென்ட்ரி டியூட்டியிலிருந்து எடுத்து, ஆயுதம் அவன் கையில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நானே கூட நடந்து டாக்டரிடம் போனேன். இரண்டு ராத்திரி அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். இன்று ராணுவத்தில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், உதவிக்குத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. நல்ல காரியம். அந்த எண்ணை அழுத்தும் வரை அவனோடு இருக்கப் போவது பக்கத்துக் கட்டில்காரன்தான்.

2016-ல் ஓய்வு பெற்று வந்ததிலிருந்து காலையில் உப்பளத்து மண்பாதையில் பையன்களை ஓடவைக்கிறேன். அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 2022 ஜூனில் அறிவித்த திட்டம் இது. நாலு வருஷ வேலை. முடிவில் நூற்றுக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. எங்கள் காலத்தில் சிப்பாய் வாயை மூடியது கூச்சத்தால். இந்தப் பையன்களுக்குக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. முழங்கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, வீட்டில் பிரச்சினை என்று சொன்னால், அந்த இருபத்தைந்தில் நம் பெயர் விழுமா? பயிற்சியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன் செய்யும்போதெல்லாம் "சூப்பரா இருக்கேன் ஐயா" என்கிறான். நஹி சாப் என்று முப்பது தொண்டைகள் சொன்னது எனக்கு அதில் கேட்கிறது. தங்களை மதிப்பெண் போடுகிற ஆளாக மட்டும் பார்க்கும் பையனிடம் ஹவில்தார்கள் இனி இன்னும் நிறைய நேரம் செலவழிக்க வேண்டியிருக்கும். என் பழைய சிநேகிதர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அன்று லீவு கேட்ட பையனும் ஓய்வு பெற்றுவிட்டான். போன வருஷம் வாட்ஸ்அப் குழு மூலமாக அவன் எண் கிடைத்தது. பேசினோம். பென்ஷன், முழங்கால், பெண்ணின் காலேஜ். நான் அன்று பேசியது தப்பு என்று சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ போச்சு சாப்" என்றான். எதற்காக லீவு கேட்டாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. போனில் அதைக் கேட்க மனம் வரவில்லை.

பங்குனியில் மரக்காணம் வருகிறேன் என்றிருக்கிறான். உப்பு வாருவதைப் பார்த்ததே இல்லையாம். என் தம்பி குத்தகைக்கு எடுத்திருக்கும் பாத்திகளில் அப்போது வேலை மும்முரமாக இருக்கும். விடியற்காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். கொட்டகையில் கூடுதலாக ஒரு பலகை இருக்கிறது. கைப்பிடி ஆடுகிறது, ஆணி அடித்து வைக்க வேண்டும்.