நான்காவது கால்

ஜனவரி 11

ஆனேக்கலிலிருந்து தளிக்குப் போகும் சாலையோரம், அறுவடை முடிந்த ஒரு ராகிக் கொல்லை. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரை மேலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் தருமபுரிக்காரர், இந்தப் பக்கம் வந்து பல வருடமாகிறது. கிணற்றடியில் சாமான் வைக்க ஒரு தட்டு செய்யும் யோசனையில், அவர் தன் சாமான்களை எங்கே வைக்கிறார், எப்படி எடுக்கிறார் என்று பார்ப்பதற்காகவே போயிருந்தேன்.

மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தார்கள். கிணற்றடியில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் உழுத மண். அந்த முக்காலி அசையவே இல்லை. அதற்குப் பக்கத்தில் நான்கு மூலையிலும் கால் வைத்த ஒரு தகரத் தட்டு. பைப் ரென்ச்சைத் தூக்கினால் இடப்பக்கம் சாய்ந்தது; திரும்ப வைத்தால் வலப்பக்கம் சாய்ந்தது. கடைசியில் அவர் அதை ஒதுக்கிவிட்டு, சிமெண்ட் சாக்கை விரித்து அதன் மேல் ஸ்பேனர்களைப் பரப்பினார். கழற்றிய நட்டுகள் அவருடைய ரப்பர் செருப்பின் மேல் போயின.

“வாயை மூடுடா தம்பி” என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறரை அங்குலக் கேசிங் குழாயின் வாய்தான் அது. மோட்டார் வெளியே வந்ததும் அந்த வாயின் மேல் சாக்கைக் கட்டிவிடுகிறார்கள். இங்கே ஆயிரம் அடியைத் தாண்டிய கிணறுகள் சாதாரணம். உள்ளே ஒரு ஸ்பேனர் விழுந்து, மோட்டாருக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், மோட்டார் மேலே வராமலே போகலாம். தண்ணீர் தேடிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு அது இரண்டாவது இடி. ஆனேக்கல் தாலுகாவில் நிலத்தடி நீர் ஊறும் அளவைவிட எடுக்கும் அளவு அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியிருக்கிறது. இருக்கிற கிணற்றைக் காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை.

ஜனவரி 15

பொங்கல். பட்டறை விடுமுறை. பொங்கல் பானை பொங்கி இறங்கிய பிறகு கணக்கு நோட்டை எடுத்தேன்.

நான்கு கால் ஏன் ஆடுகிறது என்பதற்குப் பதில் பள்ளி வடிவியலிலேயே இருக்கிறது. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் போகும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் அமைய வேண்டிய கட்டாயம் இல்லை. மேடுபள்ளத்தில் அது அநேகமாக அமையாது. எனவே நான்கு காலில் ஒன்று பெரும்பாலும் காற்றில் நிற்கும். பாரம் மாறும்போது எந்தக் கால் தொங்குகிறதோ அதுவும் மாறும்.

இதற்கு அழகான ஒரு தேற்றமும் உண்டு. செர்ன் ஆய்வகத்தின் இயற்பியலாளர் ஆந்திரே மார்த்தான் 2005-இல் நிறுவியது. சதுர மேசை ஆடினால், அதை நின்ற இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். கால்வட்டம் திரும்புவதற்குள் நான்கு காலும் தரையைத் தொடும் ஒரு நிலை கிடைத்துவிடும். ஆனால் தரை திடீர் விளிம்புகள் இல்லாமல், அளவான சரிவோடு, தொடர்ந்து போக வேண்டும். உணவகத் தரைக்கு அது பொருந்தும். கிணற்றடியில் ஜல்லியும் பாறை விளிம்பும் மண்கட்டியும் கிடக்கின்றன. போதாததற்கு, வேலை நடக்க நடக்க மண் அமுங்கித் தரையே மாறிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 19

அப்படியானால் மூன்று கால் வைத்துவிட்டுப் போகலாமே என்று பட்டறையில் தம்பி ஒருவர் கேட்டார். ஜிகணியில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அந்த ஊரில் கிரானைட்டை அறுத்துப் பளபளப்பாக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அதே தொழிற்பேட்டையின் துல்லியப் பட்டறைகளில் கிரானைட் பலகையின் மேல்தான் பாகங்களை வைத்து அளக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு எத்தனை கால் இருந்தாலும், கல் உட்காருவது மூன்று புள்ளிகளில் மட்டும். அப்போதுதான் தரை சற்று இறங்கினாலும் கல் முறுக்கப்படாது, அளவும் மாறாது.

ஆனால் கிரானைட் பலகையின் எடைக்கு முன்னால் அதன் மேல் வைக்கும் பாகம் ஒரு பொருட்டே இல்லை. நம் தட்டு மூன்று கிலோ; அதில் வைக்கப்போகும் 18 அங்குலப் பைப் ரென்ச் ஒன்றே இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. கணக்கு இப்படி வருகிறது. தட்டின் நீளம் 450 மி.மீ., அகலம் 300 மி.மீ. ஒரு நீளப் பக்கத்தின் இரு மூலைகளிலும் இரண்டு கால், எதிர்ப்பக்கத்தின் நடுவில் மூன்றாவது கால். தட்டு கவிழ்வதாக இருந்தால், நடுக்காலையும் மூலைக்காலையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் கவிழும். தட்டின் மையம் அந்தக் கோட்டுக்கு உள்ளே 90 மி.மீ. தள்ளி இருக்கிறது. காலில்லாத மூலையோ கோட்டுக்கு வெளியே 180 மி.மீ. தள்ளி நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆக, தட்டின் எடையில் பாதிக்குமேல் அந்த மூலையில் வைத்தால் எல்லாம் மண்ணில். வெறும் தட்டுக்கு ஒன்றரைக் கிலோவே எல்லை. ரென்ச் வைத்த உடனே கவிழ்ந்துவிடும்.

மூன்று கால் ஆடாது, ஆனால் கவிழும். நான்கு கால் எளிதில் கவிழாது, ஆனால் ஆடும். இரண்டின் நல்ல குணமும் ஒரே தட்டில் வேண்டும்.

ஜனவரி 27

ஆனேக்கல் சந்தைப் பக்கம் ஒரு டிராக்டரின் முன் அச்சைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

டிராக்டருக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டியின் உடல் மூன்று இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது: பின் சக்கரங்கள் இரண்டு, முன் அச்சின் நடுவில் ஒரு சென்டர் பின். அந்தப் பின்னைச் சுற்றி முன் அச்சு ஏற்றம் போல மேலும் கீழும் சாய்கிறது. வரப்பில் ஒரு முன் சக்கரம் ஏறினால் அச்சு மட்டும் சாயும். நான்கு சக்கரமும் மண்ணை விடாது. அளவுக்குமேல் சாயாமல் இருபுறமும் தடுப்பு உண்டு.

இதே குடும்பத்தில் பிறந்ததுதான் பிரக்யான். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 சுமந்துபோன, 26 கிலோ எடையுள்ள அந்த ஆறு சக்கர வண்டி. அதன் சக்கரங்கள் சுழல்முனையில் சாயும் கைகளில் பூட்டப்பட்டிருப்பதால், கல்லின் மேல் ஒரு சக்கரம் ஏறினாலும் மற்றவை தரையிலேயே இருக்கும். நிலவு மண்ணுக்கு மாற்றாக நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையைப் பொடித்து பெங்களூருவுக்குக் கொண்டுவந்து பரப்பிச் சோதித்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதம் இன்னும் குறையவில்லை. நிலவின் தரைக்கு அவ்வளவு யோசித்த நகரம் இது. இதே நகரத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவரின் தரைக்கும் யாராவது யோசிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் டூல் பெட்டி, டூல் ட்ராலி எல்லாமே சிமெண்ட் தரையை மனத்தில் வைத்துச் செய்தவை.

பிப்ரவரி 2

எஸ்.ஜே.பி. ரோடு போய் ஃபிளாட் பட்டை, போல்ட், சைக்கிள் சீட்டைப் பூட்டும் லீவர் எல்லாம் வாங்கிவந்தேன். அங்கே கேட்டால் கிடைக்காத இரும்புச் சாமான் இல்லை. கேட்கிற பெயர்தான் சரியாக இருக்க வேண்டும்.

வடிவம் இதுதான். ஒரு நீளப் பக்கத்தில் இரண்டு கால்கள் தட்டோடு நிலையாக. எதிர்ப்பக்கத்தில் 450 மி.மீ. பட்டை, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கால், பட்டையின் நடுவில் ஒரு போல்ட். பட்டை இருபுறமும் 7 பாகை சாயலாம். அப்போது அதன் இரு கால்களுக்கும் இடையே ஏறக்குறைய 55 மி.மீ. உயர வேறுபாடு கிடைக்கும். கொல்லையில் நான் அளந்த கட்டிகளுக்கும் பள்ளங்களுக்கும் அது போதும்.

ஆனால் அச்சு சும்மா சாய்ந்துகொண்டிருந்தால், கவிழும் விஷயத்தில் இது பழைய மூன்று கால்தான். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். சரிவில் வண்டி சாயத் தொடங்கினால், தடுப்பில் முட்டும்வரை முன் அச்சு கைகொடுக்காது. ஓடுகிற வண்டியில் அச்சைப் பூட்ட முடியாது. தட்டு ஓடுவதில்லை. ஒரு முறை வைத்தால் வேலை முடியும்வரை அங்கேயே இருக்கும். எனவே வைக்கும்போது லீவர் தளர்ந்திருக்கட்டும். நான்கு காலும் தத்தம் இடத்தைக் கண்டுகொண்டதும் லீவரை இறுக்கினால், அந்தத் தரைக்கென்றே அளவெடுத்துச் செய்த நான்கு கால் தட்டு ஆகிவிடுகிறது. மையத்திலிருந்து கவிழும் கோட்டுக்கு 90 மி.மீ. இருந்த தூரம் இப்போது 150. மூலையில் வைக்கும் பாரமும் கால்களுக்கு உள்ளேயே நிற்கிறது.

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். உட்காரும்வரை மூன்று, உட்கார்ந்த பிறகு நான்கு.

பிப்ரவரி 8

பூட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பார்த்தேன். மூலையில் இரண்டரைக் கிலோ, போல்ட்டிலிருந்து 225 மி.மீ. தூரம். அதிகபட்சம் ஐந்தரை நியூட்டன் மீட்டர் திருக்கம். சாதாரண வாஷருக்கு நடுவே பிடித்தால், எண்ணெய்க் கையால் இறுக்குகிற இறுக்கத்தில் அது வழுக்கும். உராய்வுப் பிடி அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. 60 மி.மீ. விட்டத்தில் இரண்டு வட்டத் தகடு வெட்டி, நடுவே பழைய பைக் கிளட்ச்சின் லைனிங்கை ஒட்டினோம். லீவரை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பிப்ரவரி 15

இரண்டு சின்ன விஷயங்கள். ஆனால் இவற்றில்தான் தட்டு பிழைக்கும்.

பாதம். செம்மண் நனைந்தால் 25 மி.மீ. குழாய்க்கால் இறங்கிக்கொண்டே போகும். 60 மி.மீ. வட்டமாக டயர் ரப்பரை வெட்டிப் பாதமாக வைத்ததும், தாங்கும் பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. பாறையில் அதே ரப்பர் வழுக்காமல் பிடிக்கிறது.

நட்டு. காந்தம் வைத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சப்மர்சிபிள் பம்ப்பின் நட்டு, போல்ட், கேபிள் கார்டு ஸ்குரூ பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் அவற்றைச் சரியாகப் பிடிக்காது. தட்டின் நடுவில் மூன்று கிண்ணங்களை அழுத்தி எடுத்தோம். தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்டு கிண்ணத்தில் கிடக்கும். சுற்றிலும் 30 மி.மீ. விளிம்பு, அடியில் விரிக்க லாரி டியூப்.

மார்ச் 1

உயரத்தைப் பற்றி ஒரு வாதம். இடுப்புயரத்தில் வைத்தால் குனிய வேண்டாமே என்றார் ஒருவர். நான் ஒப்பவில்லை. கிணற்றடியில் வேலை பெரும்பாலும் குந்தியபடி நடக்கிறது. கை போகும் உயரத்தில்தான் சாமான் இருக்க வேண்டும். 100 மி.மீ. போதும். உயரம் கூடக் கூட, அதே சரிவில் பாரத்தின் மையம் கால்களை நோக்கி வேகமாக நகர்கிறது.

இந்தத் தாலுகாவில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவில் நூறடிக்கும் மேலான தேர்களை ஊர் ஊராக இழுத்து வருவார்கள். 2024 ஏப்ரலில் ஒரு தேர் சரிந்தது. 2025 மார்ச்சில் மழையிலும் காற்றிலும் மீண்டும் தேர்கள் சாய்ந்து உயிர்கள் போயின. அந்த உயரத்தில் பக்திக்கு இருக்கும் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உயரத்துக்கும் அடி அகலத்துக்கும் உள்ள கணக்கை ஊர்க் கமிட்டிகள் கையில் எடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கயிறு பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

மார்ச் 9

மறுபடியும் கொல்லை. வேறு ஒரு கிணறு, புதிதாகத் துளைத்தது. டி.என். 34 எண்ணோடு திருச்செங்கோட்டு ரிக் வண்டி நின்றிருந்தது. ஹைட்ராலிக் ஜாக்கிகளை இறக்கி, வண்டியை மட்டம் பார்த்துக் கெட்டியாக நிறுத்திய பிறகே அவர்கள் துளைக்கத் தொடங்குவார்கள். இந்தியா முழுவதும் கிணறு துளைக்கப் போகிற ஊர்க்காரர்கள். ஓட்டுநர் தட்டைக் கையில் எடுத்துப் பட்டையைச் சாய்த்துப் பார்த்தார். “எங்க ஜாக்கி செய்யறத இது தானாவே செய்யுது” என்றார். கேட்க இனிமையாக இருந்தாலும் முழுக்கச் சரியில்லை. ஜாக்கி வண்டியை மட்டமாக்குகிறது, இது தட்டை மட்டமாக்குவதில்லை, ஆடாமல் நிறுத்துகிறது. அவருக்கும் அதை விளக்கிச் சொன்னேன்.

தருமபுரிக்காரர் தட்டைப் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே வைத்தார். வேண்டுமென்றே மோசமான இடமாகப் பார்த்து வைத்தார் என்று நினைக்கிறேன். லீவரைத் தட்டினார். ரென்ச்சை மூலையில் போட்டார், எடுத்தார், மறுமூலையில் போட்டார். பிறகு தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மோட்டார் இறங்கி முடியும்வரை நட்டுகள் கிண்ணத்திலேயே இருந்தன.

கிளம்பும்போது இரண்டு மாற்றம் கேட்டார். “கைப்பிடிய இந்தப் பக்கம் வையிண்ணா, பைக் கேரியர்ல கட்டினா வெளிய நீட்டுது.” குறுகிய பக்கத்துக்கு மாற்றினால் அகலம் குறையும், செய்துவிடலாம். இன்னொன்று லீவர்: வலது கையில் ஸ்பேனர் இருக்கும், இடது கையால் பூட்ட வேண்டும். போல்ட்டை உள்பக்கமிருந்து வெளியே திருப்பிப் போட்டால் லீவர் இடப்பக்கம் படுக்கும். நாளைக் காலை பட்டறையில் முதல் வேலை அதுதான். வரைபடத்தில் இரண்டையும் திருத்தி, கேட்கிற தகரப் பட்டறைக்காரர் எவருக்கும் நகல் கொடுக்கப்போகிறேன்.