சிவந்த முகம்

முகத்தைப் பற்றித் தமிழர் சேர்த்து வைத்திருக்கும் சொற்களுக்குக் கணக்கில்லை. விருந்தாளிக்கு முகம் கொடுக்கிறோம். வேண்டாதவரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். காலையில் எவர் முகத்தில் விழித்தோமோ என்று மாலையில் நொந்து கொள்கிறோம். முகம் சிவந்தால் இரண்டே பொருள்: பெண்ணானால் நாணம், ஆணானால் கோபம். கதாசிரியர்கள் பாதிப் பேர் இந்தக் கணக்கை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆனால் நாணமும் இன்றிக் கோபமும் இன்றி, மாதக்கணக்கில் ஒருவர் முகம் சிவந்தே இருந்தால்?

ஆம்பூரில் எனக்குத் தங்கை முறையாகும் பெண்மணி ஒருத்தி இருக்கிறாள். ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பகுதிக்கு மேற்பார்வை. நாற்பது வயதைத் தாண்டியதும் அவள் கன்னங்களும் மூக்கும் கன்றத் தொடங்கின. மாநிறத்துக்காரி, ஆகையால் சிவப்பு சிவப்பாகத் தெரியாமல், செம்புப் பாத்திரம் கறுத்தது போல் தெரிந்தது. பிறகு சிறு சிறு பருக்கள். வெயில் பட்டால் எரிச்சல். "தோலுக்குப் போடுகிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள். தெருவிலோ, தணிந்த குரலில் வேறொரு சொல்லைச் சொன்னார்கள்.

அது எந்தச் சொல் என்று வேலூர்ப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தார். 1955-ல் கரிகிரியில் அந்நோய்க்கென்றே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது; இன்று அது முற்றிலும் தீரக்கூடிய நோய். நோய்க்கு மருந்து வந்துவிட்டது. நோயின் பெயருக்கு அஞ்சும் அச்சத்துக்கு இன்னும் வரவில்லை.

அந்த அச்சம் அவள் வீட்டுக் கூடம் வரை வந்தது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் காப்பியும் சாப்பிட்டார்கள்; தாயின் முகத்தையும் பார்த்தார்கள்; ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அதைப் பொருட்படுத்தவில்லை. தாய்தான் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் யாரோ சொன்ன களிம்பை வாங்கிப் பூசினாள். பத்து நாளில் முகம் தெளிந்தது. பூசுவதை நிறுத்தியதும் இரண்டு பங்காகச் சிவந்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டரின் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-ல் அரசாங்கம் விதி செய்தது. விதி ஏட்டில் இருக்கிறது. களிம்பு கைக்கு எளிதில் கிடைக்கிறது.

கடைசியில் வேலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் காது மடலையும் முழங்கை நரம்பையும் தடவிப் பார்த்தார். பஞ்சால் கன்னத்தைத் தொட்டு, "தெரிகிறதா அம்மா?" என்றார்.

"தெரிகிறதாவா? காற்றுப் பட்டாலே எரிகிறதே, டாக்டர்!"

மருத்துவர் சிரித்துவிட்டார். "நீங்கள் பயப்படுகிற நோயில் பெரும்பாலும் தோல் உணர்ச்சியை இழக்கும். உங்கள் தோலுக்கு உணர்ச்சி மிகுந்துவிட்டது. இதன் பெயர் ரோசேசியா. யாருக்கும் தொற்றாது."

முகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடிக்கடி விரிந்து, தோல் அழற்சி கொள்வது இந்நோய். பெண்களுக்கு அதிகம் வருகிறது. மூக்கே தடித்துப் போவது ஆண்களுக்கு அதிகம். கண்ணிலும் எரிச்சலும் உறுத்தலும் வரலாம். அதையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரிவது நம் நிறத்தில் ஒளிந்துகொள்வதால், இங்கே பலருக்குத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. மேல்நாட்டில் இவர்களைக் குடிகாரர் என்று ஏசினார்கள். குடித்தால் சிவப்பு மிகும் என்பது உண்மை. ஆனால் ஒரு சொட்டும் அறியாதவருக்கும் இந்நோய் வரும். பாரிஸ் லூவ்ர் காட்சிசாலையில் கிர்லாந்தாயோ என்னும் இத்தாலிய ஓவியர் 1490-ஐ ஒட்டித் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. மூக்கு முழுதும் முண்டும் முடிச்சுமான கிழவர். அவர் மடியருகே ஒரு சிறுவன். அந்தப் பிள்ளை மூக்கைப் பார்க்கவில்லை, தாத்தாவைப் பார்க்கிறான்.

மருத்துவர் மெட்ரோனிடசோல் களிம்பும், சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கொடுத்தார். "வேரோடு போகாது, அடக்கி வைக்கலாம்" என்றார். வெயிலுக்குப் போகுமுன் பூச வேண்டிய கிரீம், மென்மையான சோப்பு, அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். எதைச் செய்த அன்று முகம் எரிந்தது என்று எழுதி வரவேண்டும். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். வேலூர் வெயிலில் இது லேசான காரியமா? ஒரு மாதம் எழுதிப் பார்த்தாள். உச்சி வெயில், அடுப்படி வெக்கை, கொதிக்கிற டீ, மனக்கவலை: இந்த நான்கும் பகை என்று தெரிந்தது. ஆம்பூர்ப் பிரியாணி தப்பித்தது; ஆவி பறக்கிற சூடுதான் அவளுக்கு ஆகவில்லை. ஆறவைத்துச் சாப்பிடுகிறாள்.

முகம் முழுதும் தெளிந்துவிடவில்லை. மூக்கோரத்தில் சிவப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்தவர்கள் பெண் பார்க்க வந்தபோது அவள் சமையலறையில் ஒளியவில்லை; கூடத்தில் உட்கார்ந்து, கேட்குமுன்னே நோயின் பெயரைச் சொன்னாள். சம்பந்தம் முடிந்ததா என்று கேட்பீர்கள். பேச்சு நடந்து கொண்டிருக்கிறது.

தெருவில் சிவந்த முகம் ஒன்றைக் கண்டால் நாமாக அதற்குப் பொருள் சொல்லிவிட வேண்டாம். அந்தத் தோலுக்கு ஏற்கெனவே உணர்ச்சி மிகுதி. நம் பார்வையும் அதில் சுடும்.